வின்டேஜ் கிட்டார்: எந்த டீலரை நம்பி வாங்கலாம்? நீண்டகால அனுபவப் பகிர்வு

வின்டேஜ் கிட்டார் விற்பவரை எடைபோட நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். விலையைக் குறைக்கக்கூடிய விஷயத்தை, நாம் கேட்பதற்கு முன்பே, அளவுகளோடு எழுத்தில் தருகிறாரா? கடை எத்தனை வருடம் பழையது, சுவரில் யார் படம் தொங்குகிறது, எவ்வளவு இனிமையாகப் பேசுகிறார் என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். அமெரிக்க டீலர்களிடம் தொலைவிலிருந்து வாங்கி, அந்தக் கிட்டார்களை வருடக்கணக்கில் வைத்து வாசிப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். டீலர் சொல்லாமல் விட்டது முதல் மாதத்தில் தெரியாது, இரண்டு மூன்று பருவம் மாறிய பிறகு தெரியும்.

மார்ட்டின் என்ற அமெரிக்க நிறுவனத்தின் அக்கூஸ்டிக் கிட்டாரில் இதை நன்றாகப் பார்க்கலாம். ஸ்டீல் கம்பிகள் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. பல பத்தாண்டுகளில் அந்த இழுவையில் நெக் (கழுத்துப் பகுதி) மெல்ல முன்னால் சாய்கிறது, கம்பிகள் ஃபிரெட்டை (நெக்கில் பதித்த உலோகக் கோடுகள்) விட்டு உயர்கின்றன. இதைச் சரிசெய்யும் நேர்மையான வழி நெக் ரீசெட். நெக்கை உடலோடு பூட்டும் டவ்டெயில் இணைப்பை ஆவியால் இளக்கி, நெக்கைக் கழற்றி, அடிப்பகுதியைச் சீவி, கோணம் திருத்தி மறுபடி ஒட்டுவார்கள். அமெரிக்காவில் இதற்கே பல நூறு டாலர் ஆகும். ஃபிரெட்டும் மாற்றினால் ஆயிரத்தைத் தாண்டலாம். இந்தச் செலவைத் தவிர்க்க நினைப்பவர் முதலில் கம்பிகளைத் தாங்கும் மெல்லிய துண்டான சாடிலைத் தேய்ப்பார். அதுவும் தீர்ந்தால் சாடில் பதிந்திருக்கும் மரக்கட்டையான பிரிட்ஜையே சீவிவிடுவார். "ஆக்ஷன் அருமை", அதாவது கம்பிகள் வசதியான உயரத்தில் இருக்கின்றன, என்று விளம்பரத்தில் எழுதினால் அது பொய்யில்லை. ஆனால் ரீசெட் செலவு உங்கள் தலையில் காத்திருக்கிறது.

அதனால் ஆக்ஷனை மட்டும் கேட்காதீர்கள். மூன்று அளவுகளைச் சேர்த்துக் கேளுங்கள். 12-வது ஃபிரெட்டில் தடித்த ஈ கம்பியின் உயரம் 2.4 மி.மீ. அளவில் இருப்பது வசதியானது. சாடில் பிரிட்ஜுக்கு மேலே 3 மி.மீ. தெரிந்தால் நிம்மதி, 1.5 மி.மீ.க்குக் கீழே என்றால் தேய்க்க இனி இடமில்லை. பிரிட்ஜின் தடிமன் 8 முதல் 9 மி.மீ. இருக்க வேண்டும், 6 என்று வந்தால் யாரோ சீவியிருக்கிறார்கள். நல்ல டீலர் இந்த மூன்றையும் அளந்து, ஸ்கேல் தெரியும் படத்தோடு அனுப்புவார். "எல்லாம் நல்லாவே இருக்கு" என்று மட்டும் பதில் வந்தால் அந்தக் கடையை விட்டுவிடலாம்.

இன்னொரு கேள்வியும் கைவசம் வைத்திருங்கள். 1960-களின் மார்ட்டினைப் பார்த்து "ட்ரஸ் ராட் சரியாக வேலை செய்கிறதா?" என்று கேளுங்கள். ட்ரஸ் ராட் என்பது நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே வைக்கும் உலோகத் தண்டு. மார்ட்டின் கிட்டார்களில் திருகக்கூடிய ராட் 1985-ல்தான் வந்தது. அதற்கு முன் இருந்தது அசையாத இரும்புப் பட்டை அல்லது சதுரக் குழாய். "நன்றாக வேலை செய்கிறது" என்பவர் கிட்டாரைப் பார்க்காமலே பதில் சொல்கிறார். "இதில் ராட் கிடையாது, நெக் வளைவு இவ்வளவு, வேண்டுமானால் ஃபிரெட் மாற்றும்போது நிமிர்த்தலாம்" என்பவரிடம் தொடர்ந்து பேசலாம்.

உட்புறப் படங்களும் கட்டாயம். சிறு கண்ணாடியை உள்ளே விட்டு பிரிட்ஜுக்கு நேர் கீழே உள்ள மரத் தகடான பிரிட்ஜ் பிளேட்டைப் படமெடுக்கச் சொல்லுங்கள். கம்பியின் உருண்டை முனைகள் மரத்தைத் தின்று துளைகளைப் பெரிதாக்கியிருக்கும். பிளேட் மாற்றப்பட்டிருந்தால் ஓரங்களில் பசை தெரியும். உட்புறத் தாங்கு கட்டைகளான பிரேஸ்கள் ஒட்டு விட்டிருக்கின்றனவா என்றும் கேளுங்கள். பிக்கார்டு (கீறலைத் தடுக்கும் பிளாஸ்டிக் தகடு) ஓரமாக ஓடும் விரிசல் பழைய மார்ட்டினுக்கு வழக்கமானதுதான். பிளாஸ்டிக்கை நேரடியாக மரத்தில் ஒட்டி, அது சுருங்கும்போது மரத்தையும் இழுத்துப் பிளந்துவிடும். ஒழுங்காக ஒட்டிய விரிசலுக்குப் பயப்பட வேண்டியதில்லை, அதை மறைத்து விற்பவருக்குத்தான் பயப்பட வேண்டும்.

மரத்தைப் பற்றிய சொல்லிலும் கவனம் வேண்டும். மார்ட்டினின் டி-28 மாடல் 1969 கடைசி வரை பிரேசில் ரோஸ்வுட்டில் வந்தது. அதன்பின் இந்திய ரோஸ்வுட், அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி. இரண்டுக்கும் விலை வித்தியாசம் மிகப் பெரியது. 1969-ன் வரிசை எண்கள் 256003-ல் முடிகின்றன. அதற்கு மேற்பட்ட எண்ணுள்ள டி-28-ஐ பிரேசில் என்று விற்றால் ஆதாரம் கேளுங்கள். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. நாடு தாண்டி அனுப்ப, மரம் தடைக்கு முந்தையது என்ற சான்றிதழை அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்குத் துறையிடம் வாங்க வேண்டும். அது கையில் வரக் காத்திருக்கவும் வேண்டும். "சாதாரண பழைய கிட்டார் என்று எழுதி அனுப்பிவிடுகிறேன்" என்று ஒரு டீலர் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். சுங்கத்துக்குப் பொய் எழுதுகிறவர் உங்களுக்கு மட்டும் உண்மை எழுதுவார் என்று நம்ப வழியில்லை. பிடிபட்டால் கிட்டார் பறிபோவதும் உங்களுக்குத்தான்.

ஃபெண்டர் எலக்ட்ரிக் கிட்டார் என்றால் கழற்றிய படங்கள் வேண்டும். நெக் பிளேட்டில் இருக்கும் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் அது மாறிவிடும். வால்யூம் பாட், அதாவது ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் மின்பாகத்தின் முதுகில் உள்ள எண்தான் பேசும். 137 என்று தொடங்கினால் அதைச் செய்த நிறுவனம் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல். 304-6140 என்பது 1961-ம் வருடம் 40-வது வாரம். கிட்டார் அதற்கு முன்பு உருவாகியிருக்க முடியாது, பின்பு உருவாகியிருக்கலாம். ஃபெண்டர் 1966-ல் மொத்தமாக வாங்கிய பாட்கள் பல வருடம் ஓடின, அதனால் 1968 கிட்டாரில் 1966 பாட் இருப்பது இயல்பு. 1964 கிட்டாரில் இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். நெக் அடியில் 1962-லிருந்து ரப்பர் முத்திரை வரும், உதாரணம் "2 மார் 63 பி". முன்னால் இருப்பது மாடல் குறியீடு, தேதி இல்லை. கடைசி எழுத்து நெக்கின் மேல் முனையில் கம்பிகள் தங்கும் நட்டின் அகலம், பி என்றால் 1 5/8 அங்குலம். "மார்ச் 2-ம் தேதி செய்தது" என்று விளம்பரத்தில் எழுதுகிற டீலருக்கு இந்த அடிப்படையே தெரியவில்லை. சால்டரிங் மங்கலாக, சீராக, ஒருமுறை மட்டும் சூடுபட்டதாக இருக்க வேண்டும். புதுப் பளபளப்பு தெரிந்தால் எது மாறியது என்று கேளுங்கள்.

கிப்ஸன் கிட்டாரில் முக்கியம் ஹெட்ஸ்டாக், அதாவது கம்பிகளை முறுக்கும் தலைப்பகுதி. மகோகனி நெக்கில், ட்ரஸ் ராடைத் திருகும் நட்டுக்காகக் குடைந்த இடத்தில் மரம் மெலிதாகி, கீழே விழுந்தால் அங்கேதான் முறியும். ஒட்டி, மேலே லாக்கர் (பளபளப்புப் பூச்சு) அடித்தால் சாதாரண வெளிச்சத்தில் தெரியாது. யூவி (புற ஊதா) டார்ச் அடித்து எடுத்த படம் கேளுங்கள். பழைய நைட்ரோ லாக்கர் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும், புதிதாக அடித்த இடம் இருண்டு தனியாகத் தெரியும். முறிந்து ஒட்டியதற்கும் முழுதாக மறுபெயின்ட் அடித்ததற்கும் சந்தையில் ஏறக்குறைய பாதி விலைதான். 1960-களில் கிப்ஸன் ஒரே வரிசை எண்ணைப் பல வருடம் திரும்பப் பயன்படுத்தியது. எண்ணை மட்டும் வைத்து வருடம் சொல்பவரை ஏற்காதீர்கள்.

கன்சைன்மென்ட், அதாவது வேறொருவர் விற்கக் கொடுத்த கிட்டாரா என்றும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கடைக்குச் சொந்தமானதற்கு ஒரு திருப்பி எடுக்கும் விதி, கன்சைன்மென்டுக்கு வேறு விதி என்பது வழக்கம். "உரிமையாளர் சொன்னபடி", "நாங்கள் பார்த்தவரை ஒரிஜினல்" போன்ற சொற்கள் ரசீதில் வரக்கூடாது. வருடம், எண், மரம், மாற்றிய ஒவ்வொரு பாகம், பழுது, "இதில் தவறு தெரிந்தால் பணம் திருப்பித் தரப்படும்" என்ற வரி, இவ்வளவும் ரசீதில் இருக்கட்டும். விலை பெரிதென்றால் மூன்றாவது ஆளின் மதிப்பீடு வாங்குங்கள். அமெரிக்காவின் நாஷ்வில்லில் 1970 முதல் இயங்கும் க்ரூன் கிட்டார்ஸ் கட்டணத்துக்கு அப்படி எழுதித் தருகிறது.

பார்த்துவிட்டுத் திருப்ப வழக்கமாகத் தருவது 48 மணி நேரம். குளிர்காலத்தில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. குளிர்ந்த பெட்டியை வந்ததும் திறந்தால் லாக்கர் சிலந்தி வலையாக வெடிக்கும், 24 மணி நேரம் மூடியே வைத்திருக்க வேண்டும். அதனால் கெடு திறந்த பிறகு தொடங்கும் என்று மின்னஞ்சலில் ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள். கிட்டார் கிளம்பும் முன்பே லூத்தியரிடம் (கிட்டார் செய்து பழுதுபார்ப்பவர்) நாள் குறித்துவிடுங்கள். பணத்தை வங்கி வழியாக நேரடியாக (வயர் டிரான்ஸ்ஃபர்) அனுப்பினால் ஏறக்குறைய 3 சதவீதம் தள்ளுபடி தருவார்கள். முதல்முறை வாங்கும் கடையில் அந்தத் தள்ளுபடியை விட்டுவிட்டு கிரெடிட் கார்டில் கட்டுங்கள், தகராறு வந்தால் வங்கி துணை நிற்கும்.

எல்லாம் ஒத்துவந்த பிறகு கடைசியாக ஒன்று கேளுங்கள்: "அடுத்த வருடம் இதையே உங்களிடம் கொண்டுவந்தால் எவ்வளவுக்கு எடுப்பீர்கள்?" தயங்காமல் ஒரு தொகை சொல்பவர் தன் விவரிப்பைத் தானே நம்புகிறார். பேச்சை மாற்றுபவரிடம், மேலே சொன்ன அளவுகளையெல்லாம் மறுபடி சரிபார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.