கெம்பு அட்டிகை: நேரு வீதி நகைக்கடை அனுபவம்

மகளின் வளைகாப்புக்காகப் புதுச்சேரி நேரு வீதியில் உள்ள ஒரு நடுத்தர நகைக்கடையில் கெம்புக் கல் அட்டிகை வாங்கினோம். வேலைப்பாடு அபாரம், விரலால் அழுத்திப் பார்த்தேன், ஒரு கல்கூட ஆடவில்லை. மொத்தம் 32 கிராம், கல் 5 கிராம், தங்கம் 27 கிராம் என்று பில்லில் பிரித்து எழுதி, 27 கிராமுக்கு மட்டுமே தங்க விலை போட்டார்கள். கல் எடையைத் தனியாகக் காட்டாத கடையில் தயவுசெய்து வாங்காதீர்கள்!

ஹால்மார்க் முத்திரையையும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி குறியீட்டையும் (ஒவ்வொரு நகைக்கும் உரிய தனி அடையாளம்) லென்ஸ் வைத்துக் காட்டினார்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்த்தேன், 916 தான், அதாவது 22 காரட்.

"இது நல்ல முதலீடு அம்மா" என்று விற்பனையாளர் சொன்னதை மட்டும் நான் ஏற்கவில்லை. விற்கப் போனால் கல் எடையைக் கழிப்பார்கள். 14 சதவீதச் சேதாரமும் 3 சதவீத ஜிஎஸ்டியும் போனது போனதுதான். அடகு வைத்தாலும் தங்கத்துக்குத்தான் பணம். சேமிப்புக்கென்றால் தங்கக் காசு வாங்குங்கள், சேதாரம் மிகக் குறைவு. ஆசைக்கென்றால் தாராளமாக இந்த அட்டிகை.

மாலையில் கூட்டம் நெரியும். காலையிலேயே போனால் நிதானமாகப் பார்க்கலாம்.