குடல் அறுவை முடிந்து வீட்டில் இருப்பவர்களைக் குறிவைக்கும் ‘குடல் சுத்தம்’ பெட்டி

பெருங்குடலில் கட்டி இருந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு வீடு திரும்பிய ஒருவருக்கு மூன்றாம் வாரத்தில் தொப்புளைச் சுற்றி விட்டுவிட்டு வலி. உறவுக்காரர் ஒருவர் அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டார். யாரும் கூப்பிடாமலே மறுநாள் இருவர் சிங்கப்பூரின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கதவைத் தட்டினார்கள். “அண்ணே, மருத்துவமனையில் வெட்டுவாங்க, உள்ளே தேங்கின கழிவை எடுக்க மாட்டாங்க” என்று தொடங்கிய பேச்சு, ஒரு மணி நேரத்தில் 1,180 வெள்ளி பேநவ்வில் (கைப்பேசி வழிப் பணப் பரிமாற்றம்) போய் முடிந்தது. ரசீது கிடையாது.

பெட்டியில் இருந்தவை: காலையில் கரைத்துக் குடிக்க இசப்கோல் பொடி, இரவுக்கு நிலாவாரையும் கடுக்காயும் சேர்ந்த சூரணம், வாரம் ஒருமுறை குடிக்க விளக்கெண்ணெய், இடுப்பில் இறுக்கிக் கட்ட ஒரு பெல்ட். ஆறு முறை வீட்டுக்கே வந்து வயிற்றை நீவிவிடுவதும் விலையில் அடக்கமாம். இரண்டாம் நாள் வலி கூடியது. விற்றவரிடம் கேட்டால் “கழிவு இறங்குற வலி, நல்ல அறிகுறி.” மூன்றாம் நாள் பச்சையாக வாந்தி. “பித்தம் வெளியேறுது, நிறுத்திடாதீங்க.” அன்றிரவு அவசர சிகிச்சைப் பிரிவில் எடுத்த சிடி ஸ்கேன், சிறுகுடல் அடைத்துக்கொண்டிருப்பதைக் காட்டியது. மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டு, டிரிப் ஏற்றி, நல்லவேளையாக மறுபடி கத்தி வைக்காமலே அடைப்பு விலகியது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது வந்த பதில்: “பாக்கெட்டைப் பிரிச்சாச்சு, திருப்பித் தர முடியாது.”

இந்தப் பெட்டியில் உள்ள எதுவும் விஷமில்லை. நல்ல குடல் உள்ளவர் மலச்சிக்கலுக்கு இவற்றை அளவோடு எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஏமாற்றே அங்கேதான். நம் பாட்டி தந்த பொருள் என்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆனால் அறுவைக்குப் பிந்திய வலிக்குக் காரணங்கள் பல, அவற்றில் சிலவற்றில் இதே பொருள் ஆபத்தாகத் திரும்பும்.

வயிற்றைத் திறந்து செய்யும் அறுவைக்குப் பிறகு பெரும்பாலானோருக்கு உள்ளே ஒட்டுத்திசு வளர்கிறது. குடல் வளையங்கள் ஒன்றோடொன்றோ வயிற்றுச் சுவரோடோ ஒட்டிக்கொள்ளும். பலருக்கு வாழ்நாள் முழுக்க இதனால் தொந்தரவே இருக்காது. சிலருக்கு ஒரு வளையம் மடங்கி அல்லது முறுக்கி வழி அடைபடும். அறுவை முடிந்த சில வாரங்களிலும் வரலாம், இருபது வருடம் கழித்தும் வரலாம். அந்த நேரத்தில் நிலாவாரையும் விளக்கெண்ணெயும் செய்வது என்ன? குடல் தசையைத் தூண்டிச் சுருங்கச் சொல்கின்றன. முன்னால் வழியில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. வலி அலை அலையாக ஏறும், அடைப்புக்கு மேலே உள்ள குடல் உப்பும், இரத்த ஓட்டம் தடைபட்டால் அந்தத் துண்டு அழுகவோ ஓட்டையாகவோ வாய்ப்புண்டு. இசப்கோல் தன் பங்குக்கு நீரை உறிஞ்சி ஊதிக் களியாகி, குறுகிய இடத்தில் போய் உட்காரும். குடல் குறுகியிருப்பவர்களுக்கு அது கூடாது என்று பாக்கெட்டின் பின்புறத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். இவர்கள் விற்றதோ லேபிள் இல்லாத டப்பா.

இன்னொரு காரணம் இதைவிட அவசரமானது. வெட்டிய இரு முனைகளையும் சேர்த்துத் தைத்த இடத்தில் கசிவு. இது பெரும்பாலும் அறுவை முடிந்து ஐந்து முதல் ஏழு நாளில் தலைகாட்டும். இரண்டு மூன்று வாரம் தாமதித்தும் வரும். இப்போதெல்லாம் நோயாளியைச் சீக்கிரம் நடக்கவைத்து, சீக்கிரம் சாப்பிடவைத்து, சில நாளிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அது நல்ல முறைதான். ஆனால் கசிவு தெரியத் தொடங்கும்போது பக்கத்தில் தாதி இருக்கமாட்டார், வாட்ஸ்அப் குழுதான் இருக்கும். கசிவின் அடையாளங்கள் சில நேரம் மிக மங்கலானவை: சாப்பாடு இறங்காது, ஓய்வாகப் படுத்திருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டும், குளிர்நடுக்கம், இருமினாலே வயிற்றில் குத்தும். லேப்பராஸ்கோப்பி (சிறு துளை வழி அறுவை) செய்தவர்களுக்கு முதல் ஓரிரு நாள் தோளில் வலி இருப்பது சாதாரணம், வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய கரியமில வாயுவால் வருவது. ஆனால் ஆறாம் நாளில் புதிதாகத் தோள் வலிக்கிறது, கூடவே காய்ச்சல் என்றால் அதை வாயு என்று ஒதுக்கக்கூடாது.

காய்ச்சலைப் பற்றி ஒரு சின்ன விஷயம், பலரும் தவறவிடுவது. ஆறு மணிக்கொருமுறை பாரசிட்டமால் எடுப்பவருக்குக் காய்ச்சல் தெரியாது, மாத்திரை அதை அடக்கியிருக்கும். எனவே மாத்திரையை விழுங்குவதற்கு முன்பு வெப்பநிலையைப் பார்த்து எழுதிவையுங்கள். 38 டிகிரி அல்லது அதற்கு மேல் என்றால் காத்திருக்க வேண்டாம். 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. உடல் எடை குறைந்தவருக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவருக்கும் அதைவிடக் குறைவு. சளிக்காய்ச்சல் மாத்திரைகளிலும் பாரசிட்டமால் ஒளிந்திருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் வீட்டு அலமாரியில் இருந்தாலும் அறுவை மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம். டிராமடால், கொடீன் போன்ற கடும் வலிக்கான மருந்து கொடுத்திருந்தால் மலச்சிக்கல் கூடவே வரும். அதற்கு மருத்துவமனை தரும் மருந்து வேறு, நிலாவாரைச் சூரணம் வேறு. வலி அடங்கவில்லை என்றால் வார்டுத் தொலைபேசி எண்ணைக் கூப்பிட்டுக் கேளுங்கள், அதற்குத்தான் அதை எழுதித் தருகிறார்கள்.

சில நாட்டு ‘வலி நிவாரணி’களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைச் சொல்லாமல் கலந்து விற்றதைச் மருந்துகளைக் கண்காணிக்கும் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மூட்டுவலிக்கு விற்கும் பொருளில் அடிக்கடி சிக்கும் கலப்படம் இது. குடல் தையல் போட்டவருக்கு இரட்டைக் கேடு: தையல் ஆறுவதைத் தாமதப்படுத்தும், கசிவின் வலியையும் காய்ச்சலையும் மறைத்துவிடும். ‘ஒரே நாளில் வலி பறந்துவிட்டது’ என்று யாராவது ஒரு சூரணத்தைப் புகழ்ந்தால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். ஏற்கெனவே வாரக்கணக்கில் எடுத்திருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, மருத்துவரிடம் காட்டிவிட்டு நிறுத்த வேண்டும்.

“ஆணையம் அங்கீகரித்தது” என்று விற்பவர்கள் சொல்லும் வாக்கியத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூரில் ஊட்டச்சத்துப் பொருள்கள் விற்பனைக்கு வருமுன் ஆணையத்தின் ஒப்புதல் தேவையில்லை, அவை பாதுகாப்பானவை என்று பார்த்துக்கொள்வது விற்பவரின் பொறுப்பு. ஆகவே ஊட்டச்சத்துப் பொடிக்கு ‘அங்கீகாரம்’ என்று சொல்பவர் பொய்தான் சொல்கிறார். நோயைக் குணமாக்கும் என்று அப்படிப்பட்ட பொருளை விளம்பரப்படுத்தவும் கூடாது. சீன மருத்துவர்களுக்குச் சட்டப்படி பதிவு உண்டு. சித்த, ஆயுர்வேத முறைகளுக்கு இங்கே அப்படியொரு சட்டப்பூர்வப் பதிவேடு இல்லை. சட்டைப்பையில் செருகிய அட்டையை வைத்து யாரையும் எடைபோட முடியாது.

ஸ்டோமா (மலம் ஒரு பையில் விழும்படி குடலை வயிற்றின் மேல் திறந்துவிட்ட வாய்) உள்ளவர்களிடம் இதே கும்பல் வேறு பாட்டு பாடுகிறது: “ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணி குடிங்க, எல்லாம் கழுவிட்டுப் போகும்.” பெருங்குடலில் போட்ட ஸ்டோமா என்றால் இந்த அளவு ஆபத்து இல்லை. சிறுகுடலில் போட்டது, அதாவது இலியாஸ்டமி என்றால் இந்த அறிவுரை ஆளைச் சாய்த்துவிடும். நீரையும் உப்பையும் உறிஞ்ச வேண்டிய பெருங்குடல் அங்கே வழியில் இல்லை. வெறும் தண்ணீர் சிறுகுடலுக்குள் போனால் குடல் சுவரிலிருந்து உப்பு அதற்குள் இறங்கும், இரண்டும் சேர்ந்து பைக்கு ஓடிவிடும். குடிக்கக் குடிக்கத் தாகம், பை நிறைய நிறைய மயக்கம். தேநீரும் இளநீரும் 100 பிளஸ் என்ற விளையாட்டுப் பானமும் இதே வகைதான், அவற்றில் சோடியம் போதாது.

பையில் விழுவதை அளவுக்குவளையில் ஊற்றி 24 மணி நேரத்துக்குக் கணக்குப் பாருங்கள். குடல் பழகிய பின் ஒரு லிட்டருக்குள் இருக்க வேண்டும். ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் ஸ்டோமா தாதியை அன்றே அழைக்க வேண்டும். அதுவரை வெறும் தண்ணீரைக் குறைத்து உப்புக் கரைசல் குடிக்கலாம்: ஒரு லிட்டர் ஆறிய வெந்நீரில் குளுக்கோஸ் 20 கிராம், உப்பு 3.5 கிராம், ஆப்பச் சோடா 2.5 கிராம். சமையலறைத் தராசில் எடைபோடுங்கள், கரண்டிக் கணக்கு ஆளுக்காள் மாறும். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைப் போடக்கூடாது. குளிர்பெட்டியில் வைத்து மடக்கு மடக்காகக் குடித்து, 24 மணி நேரம் ஆனதும் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். நீரிழிவு, சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்க வேண்டாம். லோப்பரமைடு (வயிற்றுப்போக்கைக் குறைக்கும் மருந்து) கொடுத்திருந்தால் சாப்பிட்ட பிறகு போட்டுப் பயனில்லை, சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. பைக்கு வருவது திடீரென நின்று, வயிறு முறுக்கினால் அது அடைப்பாக இருக்கலாம். அப்போது லோப்பரமைடு வேண்டாம்.

இலியாஸ்டமியில் அடைப்பு பெரும்பாலும் தட்டிலிருந்து வருகிறது. தேங்காய்த் துருவல், காளான், சோளம், வேர்க்கடலை, மூங்கில் குருத்து, அன்னாசி, முருங்கைக்காய்ச் சக்கை, வாழைப்பூ. முதல் ஆறு வாரம் இவை வேண்டாம். குழைந்த சாதம், இட்லி, இடியாப்பம், மீன், முட்டை என்று கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை, நன்றாக மென்று. நான்கு முதல் ஆறு மணி நேரம் பையில் ஒன்றும் விழவில்லை என்றால் கெட்டியான உணவை நிறுத்தி, வெந்நீரில் குளித்து, முழங்காலை மார்போடு மடக்கிப் படுத்து, ஸ்டோமாவைச் சுற்றி மெல்லத் தடவலாம். ஸ்டோமா வீங்கியிருந்தால் பையின் ஓட்டையைப் பெரிதாக்கி மாற்றுங்கள். வாந்தி வந்தால் இந்த வீட்டு வைத்தியமெல்லாம் அதோடு முடிந்தது, மருத்துவமனைதான். ஸ்டோமா கருஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ மாறினாலும் அப்படியே. பெல்ட்டை இறுக்கிக் கட்டி ‘தொங்கல் வராமல்’ தடுப்பதாகச் சொல்கிறார்களே, ஸ்டோமாவின் மேல் அழுத்தினால் அதன் இரத்த ஓட்டமே கெடும். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்வது போதும்.

நீவல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆறாத தையலின் மேல் யாரும் கைவைத்து அமுக்கக்கூடாது. தழும்பைச் சுற்றித் தோல் மரத்திருக்கும், சூடான எண்ணெயோ ஒத்தடமோ பட்டுக் கொப்புளித்த பிறகுதான் தெரியும்.

பச்சை வாந்தி, வயிறு உப்பல், காற்றும் பிரியாத நிலை, பலகை போல் இறுகிய வயிறு, மயக்கம், இவற்றில் எது வந்தாலும் ஆம்புலன்ஸுக்கு 995. ஆம்புலன்ஸ் நீங்கள் அறுவை செய்துகொண்ட மருத்துவமனைக்கே போகும் என்று சொல்ல முடியாது. அதனால் வீடு திரும்பும்போது தந்த கடிதமும் மருந்துப் பட்டியலும் கதவருகே ஓர் உறையில் இருக்கட்டும். போகும் வழியில் கஞ்சி, தண்ணீர் எதையும் கொடுக்காதீர்கள், உடனே மயக்கமருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம். நாட்டுமருந்து எடுத்ததை டாக்டரிடம் மறைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு, திட்டுவார் என்ற பயம். திட்டினால் திட்டட்டும். இரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டுக்கொள்பவர் என்ன சூரணம் சாப்பிட்டார் என்பது டாக்டருக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

பணத்துக்கு வருவோம். அழைக்காமல் வீட்டுக்கு வந்து விற்றவரிடம் செய்த ஒப்பந்தத்தை, சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளைக் கழித்து ஐந்து நாளுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் கூடவே பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். மறுத்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். அதிலும் தீராவிட்டால் சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்கை, இரண்டு ஆண்டுக்குள் தொடுத்தால், ஏற்கும். வக்கீல் வைக்க முடியாது, வைக்கவும் தேவையில்லை. பேநவ் பரிமாற்றப் பதிவு, “நல்ல அறிகுறி” என்று அவர்கள் அனுப்பிய குரல்பதிவு, மருத்துவமனையின் கடிதம் மூன்றும் இருந்தால் ரசீது இல்லாதது பெரிய குறையில்லை. டப்பாவையும் மிச்சப் பொடியையும் குப்பையில் போடாதீர்கள். மூடி டேப் ஒட்டி, வாங்கிய தேதியை மேலே எழுதிவையுங்கள், சுகாதார அறிவியல் ஆணையத்திடம் புகார் கொடுக்கும்போது அது கையில் இருக்க வேண்டும்.