அவுட்டோர் கிச்சனை ஸ்டோரேஜ் ஆக்கக் கொடுக்கிறீர்களா? பின்பலகை அடிக்கும் முன் உள்ளே பாருங்கள்

டெக்சாஸில் டிராவல் ட்ரெய்லர் (வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு) வைத்திருப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை. பின்பக்க அவுட்டோர் கிச்சனை (வெளியிலிருந்து கதவைத் தூக்கிச் சமைக்கும் பெட்டி) கழற்றிவிட்டு ஸ்டோரேஜாக மாற்றித் தரச் சொல்லி, இத்தகைய வண்டிகளைப் பழுதுபார்க்கும் ஓர் ஆர்.வி. கடையில் விட்ட எங்கள் ட்ரெய்லர், 1,400 டாலர் பில்லோடு திரும்பி வந்தது. வெளிப்பார்வைக்குக் குறை சொல்ல முடியாது. வெள்ளைப் பலகை, இரண்டு தட்டு, எல்.இ.டி. விளக்கு எல்லாம் ஒழுங்காக இருந்தன. பின்பலகையின் ஸ்க்ரூக்களைக் கழற்றியதும்தான் வண்டவாளம் தெரிந்தது. கேஸ், கரண்ட், தண்ணீர், கழிவுநீர் ஆகிய நான்கில் ஒன்றைக்கூட முறையாக அடைக்காமல் பலகை போட்டு மறைத்திருந்தார்கள். பில்லில் "கேஸ் லைன் அடைப்பு" என்று தனி வரி வேறு.

முதலில் கேஸ், ஏனென்றால் உயிருக்கு ஆபத்து அதில்தான். அடுப்புக்குப் போன ரப்பர் ஹோஸை வெட்டி எடுத்துவிட்டு, வால்வின் கைப்பிடியை மட்டும் திருப்பி மூடியிருந்தார்கள். வால்வின் திறந்த வாயில் கருப்பு எலக்ட்ரிக்கல் டேப்பைச் சுற்றியிருந்தார்கள். அதற்கு இரண்டு விரல்கடை தூரத்தில் தட்டைத் தாங்கும் எல்-பிராக்கெட். தட்டில் வைத்த பெட்டி நகர்ந்து பலகை உள்வாங்கினால் பிராக்கெட் நேராக அந்தக் கைப்பிடியைத்தான் தள்ளும். மூடிய வால்வு அடைப்பு ஆகாது. திறந்திருக்கும் முனையில் மூடியோ ப்ளக்கோ முறுக்கியிருக்க வேண்டும் என்பதே விதி.

சரியான வேலை இப்படி இருக்கும். முனை 3/8 அங்குல ஃப்ளேர் (கூம்பு வடிவ உலோக இணைப்பு) என்றால் பித்தளை ஃப்ளேர் மூடி. அதன் விலை சில டாலர்தான். இரண்டு ஸ்பானர் வேண்டும், ஒன்று ஃபிட்டிங்கை அசையாமல் பிடிக்க, மற்றொன்று மூடியை இறுக்க. ஃப்ளேர் மரைக்கு டெஃப்லான் டேப் சுற்றக்கூடாது. அங்கே உலோகமும் உலோகமும் நேராக உட்கார்ந்துதான் கசிவைத் தடுக்கின்றன, டேப் அதைக் கெடுக்கும். இதைவிட நல்லது, அந்தக் கிளையையே எடுத்துவிட்டு, சேஸிஸுக்கு அடியில் போகும் கருப்பு இரும்புக் குழாயிலிருந்து கிளை பிரியும் டீ இணைப்பிலேயே ப்ளக் போடுவது. அது குழாய் மரை என்பதால் அங்கே கேஸுக்கு உரிய மஞ்சள் டேப்போ சீலன்ட்டோ கட்டாயம் வேண்டும். முடித்தபின் எல்லா இணைப்பிலும் கசிவு கண்டுபிடிக்கும் நுரைத் திரவம் பூச வேண்டும். அம்மோனியா கலந்த சோப்பு பித்தளையை அரிக்கும், அதைத் தவிர்க்கவும். பிறகு மனோமீட்டர் (அழுத்தமானி) சோதனை. சிலிண்டரை மூடி, அழுத்தத்தை 8 அங்குல நீர் அளவுக்கு (கேஸ் அழுத்தத்தை அங்குல நீரில்தான் அளப்பார்கள்) இறக்கி, 3 நிமிடம் பார்க்கும்போது அளவு குறையவே கூடாது. "சோதித்தோம்" என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். எத்தனை அங்குலத்தில், எத்தனை நிமிடம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இதில் இவ்வளவு கண்டிப்பு எதற்கு? ப்ரொப்பேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம், கசிந்தால் தரையில் தேங்கும். அவுட்டோர் கிச்சனாக இருந்தவரை கதவைத் தூக்கித் திறந்துவைத்துத்தான் அடுப்பு எரித்தார்கள். ஸ்டோரேஜ் ஆனபின் ரப்பர் சீலோடு நாள்கணக்கில் மூடிக்கிடக்கும். வீட்டுப் பகுதியில் தரையோரம் இருக்கும் கேஸ் டிடெக்டர் இந்தப் பெட்டிக்குள் நடப்பதை அறியாது. வயர் போகும் ஓட்டைகள் வழியே கேஸ் உள்ளே நுழைந்த பிறகுதான் கத்தும். அதே பெட்டிக்குள் விளக்குச் சுவிட்ச் ஒன்றையும் பொருத்தித் தந்திருந்தார்கள். ஒரு பொறி போதும்.

அடுத்து, ஃப்ரிட்ஜுக்கான 120 வோல்ட் லைன். அவுட்லெட்டைப் பிடுங்கிவிட்டு, வயரின் மூன்று நுனிகளையும் டேப் சுற்றி இன்சுலேஷனுக்குள் திணித்திருந்தார்கள். பிரேக்கர் ஆனில் இருந்தால் அதில் கரண்ட் இருக்கும். ட்ரெய்லர் ஓடும்போது குலுங்கிக்கொண்டே இருப்பதால் டேப் தேய்ந்துவிடும். வயர் முடியும் இடத்தில் ஜங்ஷன் பாக்ஸ், உள்ளே வயர் நட் (வயர் நுனியை மூடும் திருகு மூடி), மேலே வெற்று மூடி இருக்க வேண்டும். பாக்ஸ் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், பலகைக்குப் பின்னால் புதைக்கக்கூடாது. அவுட்லெட்டை மூடியோடு அப்படியே விட்டுவைப்பதே இதைவிட எளிது. பேட்டரி சார்ஜருக்கு உதவும்.

சிங்க் இருந்த கிச்சன் என்றால் தண்ணீர் வேலையையும் பாருங்கள். அரை அங்குல பெக்ஸ் (பிளாஸ்டிக் தண்ணீர்) குழாய்களை சிங்க் இருந்த இடத்திலேயே மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். டீ-யிலிருந்து அந்த மூடி வரை நிற்கும் தண்ணீரைக் குளிர்காலத்துக்கு முன் காற்றடித்து வெளியேற்ற முடியாது, போக்கிடம் இல்லை. உறைந்தால் ஃபிட்டிங் வெடிக்கும். 2021 பிப்ரவரி குளிரைப் பார்த்த டெக்சாஸ்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டீ-யை ஒட்டியே வெட்டி மூட வேண்டும். ஒன்றரை அங்குல ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் கழிவுக் குழாய்க்கு எங்களுக்குக் கிடைத்தது டக்ட் டேப். டிராப்பை (நாற்றத்தைத் தடுக்கும் வளைகுழாய்) எடுத்துவிட்டு ஏ.பி.எஸ். மூடியைப் பிளாஸ்டிக் சிமென்ட் போட்டு ஒட்டாவிட்டால், பிரேக் போடும்போது கிரே டேங்க் (சிங்க் கழிவுநீர்த் தொட்டி) தண்ணீர் மேலேறி ஓ.எஸ்.பி. மரப்பலகைத் தரையில் ஊறும், நாற்றமும் எடுக்கும்.

தட்டுகள் விஷயத்தில் ஸ்க்ரூ நீளம்தான் முக்கியம். உள்சுவர் லுவான் என்ற மெல்லிய ப்ளைவுட் பலகை, அதில் ஸ்க்ரூ பிடிக்காது. பின்னால் இருக்கும் சட்டத்தைத் தேடித்தான் அடிக்க வேண்டும். பல ட்ரெய்லர்களில் மொத்தச் சுவரே ஒன்றரை அங்குலம். முக்கால் அங்குலக் கட்டை வழியாக ஒன்றேகால் அங்குல ஸ்க்ரூ போட்டால் சுவருக்குள் அரை அங்குலம் போகும், அது பாதுகாப்பு. எங்கள் கடைக்காரர் போட்டது இரண்டரை அங்குலம். வெளி ஃபைபர்கிளாஸில் இரண்டு இடத்தில் ஊசிமுனை போலத் துருத்திக்கொண்டிருந்தது. மழைநீர் அதன் வழியே உள்ளே போனால் சுவர் கொப்பளிக்கும். அந்தச் செலவுக்குமுன் இந்த பில் ஒன்றுமே இல்லை. ஓட்டையைச் சிலிக்கோனால் பூசிக் காட்டினால் ஏற்காதீர்கள், பிறகு அதன்மேல் வேறெந்த சீலன்ட்டும் ஒட்டாது.

எடையைப் பற்றிக் கடைக்காரர் வாயே திறக்கவில்லை. அவுட்டோர் கிச்சன் பெரும்பாலும் ஆக்சிலுக்குப் பின்னால் இருக்கும். ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சில் (இழுக்கும் வண்டியின் கொக்கி) இறங்க வேண்டும், 6,000 பவுண்டு என்றால் 600 முதல் 900 வரை. ஆக்சிலிலிருந்து கப்ளர் (ஹிட்ச்சில் மாட்டும் ட்ரெய்லரின் முன்முனை) 16 அடி முன்னால், ஸ்டோரேஜ் 8 அடி பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 200 பவுண்டு ஏற்றினால் ஹிட்ச்சில் 100 பவுண்டு குறையும். ஏற்கெனவே 620-இல் இருந்த வண்டி 520 ஆகிவிட்டால் நெடுஞ்சாலையில் வால் ஆடத் தொடங்கும். மடக்கு நாற்காலி, பாய், ஹோஸ் போன்ற லேசான சாமான்களுக்கு மட்டும் அந்த இடம். முக்கால் அங்குல ப்ளைவுட் முழுத்தாள் ஒன்றே 60 பவுண்டுக்கு மேல் இருக்கும், தட்டுகளுக்கு அரை அங்குலம் தாராளம்.

கழற்றிய ஃப்ரிட்ஜும் அடுப்பும் திரும்பி வரவில்லை, "குப்பையில் போட்டோம்" என்றார்கள். இரண்டும் நல்ல விலைக்குப் போகும் சாமான்கள். பழைய பாகங்கள் திரும்ப வேண்டும், பின்பலகை அடிக்கும் முன் நான்கு லைன்களின் போட்டோவும் வேண்டும் என்று வேலை உத்தரவிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். தயங்கும் கடையில் வண்டியை விடாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் முதலில் இரண்டு சிலிண்டரையும் மூடிவிட்டுப் பலகையைக் கழற்றுங்கள். எதையும் தொடுவதற்கு முன் போட்டோ, வேறொரு டெக்னீஷியனின் எழுத்து அறிக்கை, திருத்தச் செலவுக்கான மதிப்பீடு, மூன்றும் வேண்டும். டெக்சாஸில் எல்.பி. கேஸ் (ப்ரொப்பேன்) வேலைக்கு உரிமம் தருவதும் புகார் எடுப்பதும் ரயில்ரோடு கமிஷன், பெயர் அப்படி இருந்தாலும் கேஸ் விஷயங்களைப் பார்க்கும் மாநில அமைப்பு அது. கடையின் உரிமத்தை அங்கேயே சரிபார்க்கலாம். நுகர்வோர் ஏமாற்றுச் சட்டப்படி நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட, 60 நாளுக்கு முன்பே எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். 20,000 டாலர் வரையிலான தொகைக்கு சிறு வழக்குகளை விசாரிக்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டுக்கே போகலாம், வக்கீல் கட்டாயம் இல்லை.