பிரேக் பேரலா, அண்டர் லீவரா? உப்புக்காற்றில் ஒரு பழைய ஏர் ரைபிள்

ஒரு தடவைக்கு ஒரே ரவை போட்டுச் சுடும் பழைய துப்பாக்கிகள்மேல் எனக்குப் பித்து பிடித்ததே மார்ட்டினி-ஹென்றியால்தான். 1871-ல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட துப்பாக்கி அது. ஆசைப்பட்டு என்ன செய்ய? ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு விலக்கு தருவது, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய துப்பாக்கிக்கு மட்டும். சுவரில் மாட்டி வைக்கலாம். கழற்றி, சரிசெய்து, திரும்பப் பூட்டும் சுகம் அதில் இல்லை. அதனால் பழைய ஏர் ரைபிள் பக்கம் வந்தேன், ஸ்பிரிங் விசையில் காற்றை அழுத்திக் குண்டைத் தள்ளும் துப்பாக்கி. அதிலும் ஒரு நேரத்தில் ஒரே குண்டுதான்.

இதில் இரண்டு ஜாதி. குழலையே மடக்கி ஸ்பிரிங்கை இழுப்பது பிரேக் பேரல். குழல் அசையாமல் இருக்க, அடியில் உள்ள நெம்புகோலை இழுப்பது அண்டர் லீவர். ராயபுரத்தில் என்னிடம் இருப்பது ஜெர்மனியின் டயானா 27, முதல் வகை. பெரம்பூரில் லோகோ ஒர்க்ஸில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் வைத்திருப்பது பி.எஸ்.ஏ. ஏர்ஸ்போர்ட்டர், இரண்டாவது வகை. “தம்பி, உன்னுது பொம்மை, இதுதான் துப்பாக்கி” என்பார். கையில் வாங்கிப் பார்த்தால் அவர் சொல்வது பொய்யில்லை. கனம், நீளம், கட்டையின் வளைவு எல்லாமே ஒரு படி மேல். குழல் நகராததால் குறி மாறாது என்பதும் உண்மை. என்னுடையதில் குழல் மடங்கும் இடத்துத் திருகாணி கொஞ்சம் தளர்ந்தாலும் குறி விலகிவிடும். ஆனால் அதை முறுக்க ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்.

வாங்கும் முன் அளவைக் கட்டாயம் பாருங்கள். 20 ஜூலுக்கு மேல் சக்தியோ, 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேல் குழல் விட்டமோ இருந்தால் லைசென்ஸ் வேண்டும். ஏர்ஸ்போர்ட்டர் பாயின்ட் டூ டூவிலும் (0.22 அங்குலம்) வந்திருக்கிறது. அண்ணனுடையது நல்லவேளை சின்ன அளவு.

நான் சாய்ந்தது எந்தப் பக்கம் என்று இந்நேரம் தெரிந்திருக்கும். காரணம் ஒன்றே ஒன்று, டேப். ஏர்ஸ்போர்ட்டரில் குண்டைக் குழலுக்குள் நேராக வைக்க முடியாது. பழைய பித்தளைக் குழாயின் திருகு மாதிரி, குறுக்கே துளை போட்ட ஒரு எஃகுக் கூம்பு இருக்கும், அதுதான் டேப். நெம்புகோலை இழுத்ததும் அது தானாகத் திறக்கும். குண்டை அதில் போட்டு மூடினால் துளை குழலோடு நேராகிவிடும். அருமையான வேலைப்பாடுதான். ஆனால் அங்கே வாஷர் கிடையாது, இரும்போடு இரும்பு உரசித்தான் காற்றை அடைக்கிறது. காசிமேட்டுப் பக்கத்து உப்புக்காற்று புகுந்து கெடுக்க அந்த இடமே போதும். ஒரு மழைக்காலம் அதை என் வீட்டில் வைத்திருந்தேன். தை பிறந்து திறந்து பார்த்தால் கூம்பின்மேல் அம்மைத் தழும்பு மாதிரி துருப்புள்ளிகள். கிரைண்டிங் பேஸ்ட் போட்டு அரைக்கலாம். அரைக்க அரைக்கக் கூம்பு உள்ளே இறங்கும், துளை குழலைவிட்டு விலகும். குழலைச் சுத்தம் செய்வதும் வாய்ப்பக்கமிருந்து மட்டுமே. உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க வழியில்லை.

என்னுடையதை மடக்கினால் குழலின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வெளிச்சம் தெரியும். காற்று கசிகிறதா என்று பார்க்க, மடங்கும் இடத்தின்மேல் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை வைத்துவிட்டுச் சுடுவேன். பேப்பர் பறந்தால் அங்குள்ள சின்ன வாஷர் போயிற்று என்று அர்த்தம். தோலில் புதிதாக வெட்டிப் போட்டால் முடிந்தது. உள்ளே பிஸ்டனில் இருப்பதும் தோல் வாஷர்தான், பம்ப் ஸ்டவ்வில் இருக்குமே, அதன் பெரியண்ணன். பெரியமேட்டில் தடித்த தோல் வாங்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, லேத்தில் கடைந்த அச்சில் அழுத்தி, இரண்டு நாள் நிழலில் காயவைத்து, எண்ணெயில் போட்டு எடுத்தேன். முதல் முறை எண்ணெய் அதிகமாகிவிட்டது. சுட்டதும் ‘டமார்’ என்று சத்தம், குழல் வாயில் புகை. அழுத்தத்தில் எண்ணெய் பற்றிக்கொள்கிறது. ஸ்பிரிங்குக்குக் கெடுதல்.

டயானாவிலும் தலைவலி உண்டு. டிரிகருக்குள் மூன்று ஸ்டீல் உருண்டைகள். கிரீஸில் ஒட்டவைத்துத்தான் திரும்பப் பூட்ட வேண்டும். ஒன்று உருண்டு ஓடி, பீரோவையே நகர்த்த வேண்டியதாயிற்று.

விற்கும்போது எது நல்ல விலை போகும் என்று கேட்டால், நான் இதுவரை ஒன்றைக்கூட விற்றதில்லை. பி.எஸ்.ஏ. பெயருக்கு இங்கே மவுசு அதிகம் என்று மட்டும் காதில் விழுகிறது. டயானாவில் ஒரு வேடிக்கை: போருக்குப் பிறகு அந்தப் பெயர் ஸ்காட்லாந்துக் கம்பெனி ஒன்றின் கையில் இருந்ததால், பிரிட்டனில் ஜெர்மன் சரக்கு ‘ஒரிஜினல்’ என்ற பெயரில்தான் விற்றது. என்னுடையதிலும் அந்த முத்திரைதான். “ஒரிஜினல் சார்” என்று விற்றவர் சொன்னபோது, வழக்கமான பேச்சு என்று நினைத்துச் சிரித்துவிட்டேன்.

அண்ணனின் டேப் இப்போது வியாசர்பாடியில் ஒரு லேத் பட்டறையில், டீ கிளாஸ் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கிறது. மூன்று வாரம் ஆகிறது.