வீட்டிலேயே டிவிடி லேபல் அச்சிட எப்சன் எல்805: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மதிப்புரை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிடி, டிவிடிக்கு வீட்டில் லேபல் போட நினைக்கிறவர்கள் தயவுசெய்து வட்ட ஸ்டிக்கர் வாங்காதீர்கள். தட்டின் மேலேயே நேராக அச்சடிக்கிற பிரிண்டர் ஒன்றும், அதற்கென்றே மேல்பக்கம் வெள்ளைப் பூச்சோடு வருகிற தட்டும் வாங்குங்கள். என்னிடம் இருப்பது எப்சன் எல்805, ஒருவர் பயன்படுத்தியதைக் கைமாறி வாங்கினேன். இந்த வேலைக்கு இதைவிட நல்ல துணை எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

இந்தக் காலத்தில் டிவிடி யாருக்கு வேண்டும் என்று கேட்பவர்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்தில் இருக்கிற எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் வந்து பார்க்கலாம். ரப்பர்த் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, குடிவந்த பெரியவர்கள் பலர் வீட்டில் டிவிக்குக் கீழே இன்னும் பிளேயர் இருக்கிறது. பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் பேரப்பிள்ளை வரும்வரை அது அலமாரியில்தான் கிடக்கும், தட்டாகக் கொடுத்தால் அன்று மாலையே அவர்களே போட்டுப் பார்த்துவிடுவார்கள். நான் செய்வது பழைய வீடியோ டேப்பில் இருக்கிற கோயில் திருவிழா, தீமிதி, கல்யாணம், தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழா இதையெல்லாம் டிவிடிக்கு மாற்றிக் கொடுப்பது. பால்மரம் (ரப்பர்) போய் செம்பனை வந்து, தொழிலாளர்கள் இருந்த வரிசை வீடுகளான லயமும் இடிபட்டு, ஒரே தோட்டத்து ஆட்கள் கிள்ளான், ஜொகூர், பினாங்கு என்று பிரிந்து போன பிறகு, அந்தத் தட்டின் மேல் தோட்டத்துப் பெயர், தோட்டத்தின் எத்தனையாவது பிரிவு (டிவிஷன்), கோயில் பெயர், ஆண்டு இவ்வளவும் தெளிவாக இருந்தே ஆகவேண்டும். இல்லையென்றால் யார் வீட்டிலும் அது பத்தோடு பதினொன்றுதான், ஒரு நாள் சுத்தம் செய்யும்போது குப்பைக்குப் போய்விடும். அதனால்தான் லேபலுக்கு இவ்வளவு மெனக்கெடுகிறேன்.

ஸ்டிக்கர் ஏன் கூடாது? ஏ4 தாளில் இரண்டு வட்டம் வரும், சாதாரண பிரிண்டரில் அச்சடித்து உரித்து ஒட்டலாம், செலவும் குறைவு, எல்லாம் சரி. ஆனால் சிடியின் உள்ளமைப்பைத் தெரிந்துகொண்டால் ஒட்ட மனசு வராது. 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்தத் தட்டில் பாட்டு பதிவாகிற அடுக்கு அடிப்பக்கத்தில் இல்லை, மேலே, லேபல் பக்கத்தில், மெல்லிய வார்னிஷ் பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. ஒட்டிய ஸ்டிக்கர் கோணலாகிவிட்டது என்று உரித்தால் வெள்ளி போலப் பளபளக்கிற அந்த அடுக்கும் சேர்ந்து உரிந்து வரும், வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை ஓட்டையாகத் தெரியும், அந்த இடத்துப் பாட்டு போனது போனதுதான். டிவிடியில் அந்த அடுக்கு 0.6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் இரண்டுக்கு நடுவில் இருப்பதால் உரிகிற பயம் குறைவு, ஆனால் அங்கே வேறு தொல்லை. டிவிடி வேகமாகச் சுற்றும், கணினியில் 16 மடங்கு வேகம் என்றால் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று வரைக்கும் போகும். ஸ்டிக்கர் ஒரு பக்கம் நகர்ந்து ஒட்டியிருந்தால் எடை சமமாக இல்லாமல் தட்டு ஆடும், படம் நின்று நின்று வரும்.

அப்புறம் நம் ஊர் வெயில். வெளியில் நிறுத்திய காருக்குள் பசை இளகி, ஸ்டிக்கர் ஓரம் மேலே சுருண்டுகொள்ளும். தட்டை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்கிற கார் பிளேயரில் அது மாட்டினால் வெளியே வராது. என் அண்ணன் காரில் பக்திப் பாடல் சிடி ஒன்று இப்படித்தான் சிக்கியது, டேஷ்போர்டைக் கழற்றித்தான் எடுத்தார்கள்.

சரி, பிரிண்டருக்கு வருவோம். எல்805இல் ஆறு மை: கறுப்பு, நீலம், மஜெந்தா, மஞ்சள், அதோடு வெளிர்நீலம், வெளிர்மஜெந்தா. அந்த இரண்டு வெளிர் நிறத்தால்தான் அம்மன் முகத்து மஞ்சளும் மனிதர்களின் தோல் நிறமும் புள்ளி புள்ளியாக இல்லாமல் வழவழப்பாக வருகின்றன. மை 70 மில்லி பாட்டிலில் வருகிறது, ஒருமுறை ஊற்றினால் லேபல் வேலைக்கு நாள்கணக்கில் தாங்கும். தட்டுக்கென்று தனி ட்ரே கூட வரும். அதில் டிவிடியை வெள்ளைப் பக்கம் மேலே வைத்து, முன்பக்கமாக உள்ளே செருக வேண்டும். அச்சடிக்கும்போது ட்ரே பின்னால் நீட்டிக்கொண்டு வரும் என்பதால் பிரிண்டரைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது.

எப்சனின் பிரிண்ட் சிடி மென்பொருளில் அச்சு வட்டத்தின் அளவை மாற்றலாம், வெளிவட்டம் 114 முதல் 120 மில்லிமீட்டர், உள்வட்டம் 18 முதல் 46 வரை. 120 என்று வைக்க ஆசைப்படாதீர்கள், தட்டே 120தான், மை வழிந்து ட்ரேயில் படியும், அடுத்த தட்டின் அடிப்பக்கத்தில் ஒட்டும். நான் 117, 23 என்று வைத்திருக்கிறேன். உள்ளேயும் வெள்ளைப் பூச்சு எதுவரை இருக்கிறதோ அதுவரைதான் அச்சிட வேண்டும், தெளிந்த பிளாஸ்டிக்கில் மை காயவே காயாது. பதிவு செய்யும்போது கெட்டுப்போன தட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டால் நிறமும் இடமும் சோதித்துப் பார்க்க உதவும். படம் ஒரு மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ளியிருந்தால் அதையும் மென்பொருளிலேயே திருத்தலாம். இன்னொன்று, வீடியோவைப் பதிவு செய்து முடித்த பிறகுதான் லேபலை அச்சிட வேண்டும். முதலில் அச்சிட்டால் அடிப்பக்கத்தில் கைரேகை, தூசி பட்டு பதிவு பாதியில் நின்றுபோக வாய்ப்பு உண்டு.

தமிழ் எழுத்துக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். தட்டின் ஓரமாக வளைத்து எழுதினால் அழகாக இருக்கும் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். ஆனால் பல வடிவமைப்பு மென்பொருள்களில் எழுத்தை வளைத்ததும் 'கோயில்' என்பதில் கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகப் பிரிந்து நிற்கும். கோயில் பெயரை அப்படி அச்சிட்டுக் கொடுக்க முடியுமா? நான் பெயரை நேர்வரியாகத் தடித்த எழுத்தில் துளைக்கு மேலே ஒரு வரி, ஆண்டைக் கீழே ஒரு வரி என்று வைக்கிறேன், எல்லாவற்றையும் படமாகச் சேமித்து, அந்தப் படத்தைப் பிரிண்ட் சிடியில் கொண்டுவருகிறேன். எழுத்து பெரிதாக இருக்கட்டும், வாசிக்கப் போகிறவர்கள் கண்ணாடி தேடுகிற வயதுக்காரர்கள்.

தட்டு வாங்கும்போது கவனம். வெள்ளையாக இருப்பதெல்லாம் இங்க்ஜெட், அதாவது எல்805 போல மை தெளித்து அச்சிடும் பிரிண்டருக்கான தட்டு ஆகாது. வெப்ப அச்சுக்கான தட்டும் வெள்ளையாகத்தான் இருக்கும், அதில் மை ஊறாமல் முத்து முத்தாக நின்று, துடைத்தால் வழிந்துவிடும். இணையத்தில் ஒரு கடைக்காரர் எனக்கு ஒரு கட்டு அப்படித்தான் அனுப்பிவைத்தார், திருப்பிக் கேட்டதற்குப் பதிலே இல்லை. ஓரத்தில் ஈர விரலை வைத்துப் பாருங்கள். இங்க்ஜெட் பூச்சு லேசாகப் பிசுபிசுக்கும், மற்றது கண்ணாடி மாதிரி வழுக்கும்.

குறை என்று சொன்னால், இந்த மை தண்ணீர் தாங்காது. வியர்வைக் கை பட்டாலே கறை விழும். ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்துக் காயவிட்ட பிறகே உறையில் போடுகிறேன், மழைக்காலத்தில் அதற்கு மேலும் விடுவேன். நீர் தாங்குகிற பளபளப்புப் பூச்சுத் தட்டுகளும் உண்டு, விலை கூட. கோயிலில் வைக்கிற பிரதிக்கு மட்டும் அதை வாங்குகிறேன். இன்னொரு சங்கடம், மாதக்கணக்கில் சும்மா விட்டால் எந்த இங்க்ஜெட் ஆனாலும் அச்சுத் தலை அடைத்துக்கொள்ளும், வாரத்துக்கு ஒருமுறையாவது வண்ணப் பக்கம் ஒன்று அடித்துவிட வேண்டும்.

புதிதாக வாங்குகிறவர்கள் இதற்குப் பின்னால் வந்த எல்8050ஐப் பார்க்கலாம், அதுவும் தட்டில் அச்சிடும். என்னைப் போலப் பழையதைத் தேடுகிறவர்கள் தட்டு ட்ரே இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், அது தொலைந்திருந்தால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தும் நமக்குப் பயனில்லை. அப்புறம் விற்பவரைக் கண் முன்னாலேயே நாஸில் செக், அதாவது மைத்துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டுகிற சோதனைப் பக்கம், ஒன்று அடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆறு நிறத்திலும் கோடு அறுபடாமல் வந்தால் காசைக் கொடுங்கள்.