செடி வரைபடம் போட்டுத் தரும் இணையச் சேவை: காசு கொடுக்கலாமா?

இடத்தின் போட்டோவும் அளவும் அனுப்பினால் எந்தச் செடி எங்கே என்று வரைந்து அனுப்பும் சேவைகள் இப்போது நிறைய வந்துவிட்டன. அதில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். பெயர் போடவில்லை, ஏனென்றால் குறையும் சொல்லப் போகிறேன், அதோடு இவை எல்லாமே ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் வேலை செய்கின்றன: கேள்விப் பட்டியல், உங்களுக்குப் பிடித்த படங்கள், வரைபடம், செடி அட்டவணை, கடைசியில் தோட்டம் இப்படி இருக்கும் என்று ஒரு பளபளப் படம். அந்தக் கடைசிப் படத்துக்காக யாரும் காசு கொடுக்க வேண்டாம். மற்ற நாலுக்கும் தாராளமாகக் கொடுக்கலாம்.

கேள்விப் பட்டியல் நீளம், ஆனால் வெட்டி இல்லை. ‘நல்ல வெயில் வரும்’ என்று எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நேர் வெயில் எத்தனை மணி நேரம், அது காலை வெயிலா பிற்பகல் வெயிலா என்று கேட்பார்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் என்றால் முழு வெயில், மூன்றிலிருந்து ஆறு என்றால் அரை நிழல். அதே நாலு மணி நேரம் காலையில் விழுந்தால் மெல்லிய இலைச் செடி சுகமாக இருக்கும், பிற்பகலில் விழுந்தால் ஓரமெல்லாம் கருகிவிடும், அதனால் கேள்வி நியாயம்தான். மண்ணுக்கு ஒரு கண்ணாடிப் பாட்டில் சோதனை: மண்ணைத் தண்ணீரில் குலுக்கி வைத்தால் மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படியும், வண்டல் சில மணி நேரம் எடுக்கும், களி அடங்க ஒரு நாளுக்கு மேலாகும். அந்தப் படிவுகளைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, இந்தப் பாத்தியை நீங்கள் எங்கே உட்கார்ந்து, எந்த நேரத்தில் பார்ப்பீர்கள் என்பது. பெரும்பாலானோர் தோட்டத்தை நடந்து பார்ப்பதைவிட ஜன்னல் வழியாகப் பார்ப்பதுதான் அதிகம், அதை யாரும் யோசிப்பதில்லை.

இந்தச் சேவையில் கொடுத்த காசுக்குப் பலன் கிடைத்த இடம் என்றால் பிடித்த படங்களைப் பற்றி நடந்த பேச்சுதான். நாம் எல்லோரும் போனில் அழகான தோட்டப் படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறோம், ஆனால் அதில் எது பிடித்தது என்று கேட்டால் வாயடைத்துப் போவோம். இங்கே ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் வடிவமைப்பாளர் ஒரு குறிப்பு எழுதித் தந்தார். புல் கதிர்கள் சாயங்கால வெளிச்சத்தில் மின்னும் படம் ஒன்று அனுப்பியிருந்தேன். அதற்கு அவர் எழுதியது: ‘உங்களுக்குப் பிடித்தது இந்தப் புல் இல்லை, அதன் பின்னாலிருந்து வரும் வெயில். உங்கள் மேற்குப் பக்கம் உயரமான சுவர், சாயங்கால வெயில் தாழ்வாக வர வழியில்லை. அதனால் புல்லைக் கிழக்கு ஓரத்தில் வைத்திருக்கிறேன், காலையில் பாருங்கள்.’ இந்த நாலு வரி போதும் எனக்கு.

இன்னொன்றும் செய்தார், எல்லாப் படங்களையும் கறுப்பு வெள்ளையாக மாற்றித் திருப்பி அனுப்பினார். சிவப்புப் பூவும் பச்சை இலையும் ஒரே சாம்பல் நிறமாகிப் பல படங்கள் ஒன்றுமில்லாமல் போயின. கூம்பாக நிமிர்ந்த பூங்கதிர், தட்டையான குடைப்பூ, உருண்டையான புதர் என்று வடிவம் வேறுவேறாக இருந்த சில படங்கள் மட்டும் அப்படியே நின்றன. நிறம் சில வாரம், வடிவம் வருடம் முழுக்க. நீங்களும் செய்து பாருங்கள், இதற்குக் காசே வேண்டாம்.

கேள்விப் பட்டியலில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. அந்த இடத்தில், பக்கத்துக் காலி மனையில், தானாக என்ன முளைத்துக் கிடக்கிறது என்று ஒரு கேள்விகூட இல்லை. நியூயார்க்கின் ஹை லைன் பூங்காவை எல்லோரும் படத்தில் பார்த்திருப்பீர்கள், பழைய மேம்பால ரயில் பாதை மேல் போட்ட தோட்டம். 1980இல் ரயில் நின்றுபோன பிறகு அந்தத் தண்டவாளத்தில் விதை விழுந்து தானாக வளர்ந்த காட்டுச் செடிகளின் சாயலைத்தான் டச்சுத் தோட்ட வடிவமைப்பாளர் பீட் அவுடோல்ஃப் தன் நடவு வடிவமைப்புக்கு எடுத்துக்கொண்டார், முதல் பகுதி 2009இல் திறந்தது. உலகமே காப்பியடிக்கும் தோட்டத்துக்கு முன்மாதிரி கவனிப்பாரற்றுக் கிடந்த ஒரு பாதை! இவர்களோ நம்மை மறுபடியும் போட்டோவுக்குள்ளேயேதான் தேட வைக்கிறார்கள்.

வரைபடம் 1:50 அளவில் (தரையில் ஐம்பது சென்டிமீட்டர், தாளில் ஒன்று), சுத்தமாக இருந்தது. செடி வகைகளைக் குறைத்து, ஒவ்வொன்றையும் நீளமான, ஒடுங்கிய பட்டைகளாக ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து போகிற மாதிரி போட்டிருந்தார். இது ஆங்கிலேயத் தோட்ட வடிவமைப்பாளர் கெர்ட்ரூட் ஜெக்கில் காலத்து உத்தி. ஓவியம் படித்துவிட்டுத் தோட்டத்துக்கு வந்தவர் அவர், 1932இல் இறந்தார், உத்தி இன்றைக்கும் செல்லுபடியாகிறது. பூத்து முடிந்த செடி வட்டமாக நின்றால் அந்த இடம் பெரிய பொட்டலாகத் தெரியும், ஒடுங்கிய பட்டையாக இருந்தால் முன்னால் நிற்பது அதை மறைத்துவிடும்.

அட்டவணைதான் உண்மையான சரக்கு. முழு வளர்ச்சியில் உயரம், படர்வு, இடைவெளி, எண்ணிக்கை, பூக்கும் மாதங்கள், பூ முடிந்த பிறகு செடி எப்படி இருக்கும் என்று தனித்தனிக் கட்டம். கடைசிக் கட்டத்தை எந்தச் சேவை தருகிறது என்று பார்த்து எடுங்கள், காய்ந்த கதிரோடு நிமிர்ந்து நிற்கும் செடிக்கும் தரையோடு படுத்துவிடும் செடிக்கும் தோட்டத்தில் வேலை வேறு.

இப்போது அந்தப் பளபளப் படம். எல்லாச் செடியும் குரூப் போட்டோவுக்கு நிற்பது மாதிரி ஒரே நேரத்தில் பூத்துச் சிரிக்கின்றன. அதே கோப்பில் இருக்கும் அட்டவணைப்படி அதில் பாதி ஒரே மாதத்தில் பூக்கவே பூக்காது. கேட்டால், ‘அது ஒரு மாதிரிப் படம்தான் சார்’ என்று பதில். புதர்கள் வேறு முழு வளர்ச்சியில் நிற்கின்றன. சரியான இடைவெளி விட்டு நட்டால் முதல் வருடம் பாதி மண்தான் தெரியும், அதை எதைக் கொண்டு நிரப்புவது, ஒருபருவச் செடியா, காய்ந்த இலை மாதிரி எதையாவது மண்மேல் பரப்பும் வெறும் மூடாக்கா என்று ஒரு வரிகூட இல்லை. இந்த இடத்தில்தான் பலர் பயந்துபோய் நெருக்கி நட்டு, இரண்டாம் வருடம் பிடுங்குகிறார்கள். கவாத்து, அதாவது கிளை வெட்டி விடுவது, எப்போது செய்வது என்பதும் நான் கேட்ட பிறகுதான் அரைப் பக்கமாக வந்தது.

செடிப் பெயர்களிலும் ஒரு தொல்லை. குறிப்பிட்ட ரகத்தின் பெயரைப் போட்டுவிடுகிறார்கள், நர்சரியில் போய்க் கேட்டால் அது இருக்காது. ஒவ்வொரு செடிக்கும் அதன் வேலையை எழுதித் தரச் சொல்லுங்கள், ‘முழங்கால் உயரம், நிமிர்ந்த நீலக் கதிர், நீண்ட நாள் பூக்கும்’ என்கிற மாதிரி. அந்த வரி கையில் இருந்தால் அதே வேலை செய்யும் வேறு செடியை நீங்களே எடுத்துவிடலாம். எனக்குக் கேட்டதும் தந்தார்கள், முகம் சுளிக்கவில்லை.

நாலைந்து தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது தேவையே இல்லை. வெறும் பாத்தியோ, வாங்கிய செடியெல்லாம் அங்கங்கே நட்டு ஒட்டாமல் கிடக்கும் இடமோ இருந்தால் எடுங்கள். திருத்தம் இரண்டு முறை இலவசம் என்றால் இரண்டையும் வரைபடம் வந்த வேகத்தில் தீர்த்துவிடாமல் ஒன்றை மிச்சம் வையுங்கள். கயிறும் குச்சியும் வைத்துத் தரையில் அளவு போட்டு, உயரமான செடி வரும் இடத்தில் அதே உயரத்துக்குக் குச்சி நட்டு, வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து இரண்டு நாள் பார்த்துவிட்டு அந்த மிச்சத் திருத்தத்தைக் கேளுங்கள்.