சென்னை மாநகராட்சியின் சொத்து வரிச் சேவை: கட்டுவது எளிது, கணக்குப் புரிவதுதான் பாடு

சென்னை மாநகராட்சியின் சொத்து வரிச் சேவைக்கு ஒரே மதிப்பெண் போட முடியாது. பணம் வாங்கும் வேலையை நன்றாகவே செய்கிறது. எந்தக் கணக்கில் இவ்வளவு கேட்கிறோம் என்று வீட்டுக்காரருக்கு விளக்கும் வேலையில் பின்தங்கியிருக்கிறது. மாநகராட்சி மன்றத்தில் வரி உயர்வு பேசப்படும்போதெல்லாம் எழும் சத்தத்துக்கு, தொகை அளவுக்கு இந்தக் குறையும் காரணம்.

முதலில் கட்டும் முறை. வரி அரையாண்டுக்கு ஒருமுறை: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. இணையதளத்தில் மண்டல எண், வார்டு எண், பில் எண், துணை எண் என்று நான்கு கட்டங்களை நிரப்ப வேண்டும். பலர் தடுக்குவது கடைசிக் கட்டத்தில்தான். ஒரே மனையில் இருந்த வீடு பிரிக்கப்பட்டாலோ அடுக்குமாடியாக மாறினாலோ, பில் எண் ஒன்றாக இருந்து துணை எண் மட்டும் மாறக்கூடும். பழைய ரசீதைப் பார்த்து 000 என்று போட்டுவிட்டு, அண்ணன் தம்பி வீட்டு வரியைக் கட்டிவிட்டு அலைபவர்கள் உண்டு. பணம் செலுத்தும் பொத்தானை அழுத்துமுன் திரையில் வரும் பெயர், கதவு எண், தெரு மூன்றையும் சரிபார்த்துவிடுங்கள். நிலுவை என்ற இடத்தில் பழைய அரையாண்டு ஏதாவது நிற்கிறதா என்றும் பாருங்கள்.

வங்கியில் பணம் கழிந்து ரசீது வராமல் போனால், உடனே இரண்டாம் முறை கட்டாதீர்கள். பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, வரி நிலையைக் காட்டும் பக்கத்தில் அந்த அரையாண்டு வரவு ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள். ஏறாமலே இருந்தால் 1913ல் புகார் பதியலாம். கையில் அந்த எண் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5% ஊக்கத்தொகை, உச்சவரம்பு 5,000 ரூபாய். அதாவது அரையாண்டு வரி ஒரு லட்சம் வரை உள்ளவர்களுக்கு முழு 5 சதவீதமும் கிடைக்கும். தாமதித்தால் மாதம் 1% தனிவட்டி. 3,500 ரூபாய் வரிக்கு 175 ரூபாய் மிச்சம் என்றால் சின்னத் தொகையாகத் தோன்றலாம். ஆனால் ஆண்டுக்கு இரண்டு தடவை, எந்த அலைச்சலும் இல்லாமல் கிடைப்பது. ஏப்ரல், அக்டோபர் மாதக் கடைசி நாள்வரை காத்திருக்காமல் முதல் இரண்டு வாரத்துக்குள் முடிப்பது நல்லது.

புதிதாக வீடு வாங்கியவர்கள் அடிக்கடி குழம்பும் ஒன்று: இந்தப் பில்லில் குடிநீர், கழிவுநீர் வரி கிடையாது. அது குடிநீர் வாரியத்துக்கு, தனிக் கணக்கு எண்ணில், தனியாகக் கட்ட வேண்டியது. ஆனால் வாரியமும், வரி போடுவதற்காக மாநகராட்சி உங்கள் சொத்துக்கு நிர்ணயித்த ஆண்டு மதிப்பை அடிப்படையாக எடுத்துக்கொள்வதால், இங்கே மதிப்பீட்டில் பிழை இருந்தால் அங்கேயும் அது தொடரும். சொத்து வரியோடு சேர்ந்து வருவது நூலக வரி. ரூபாய்க்குப் பத்துப் பைசா.

இனி, இந்தச் சேவையின் பலவீனமான பக்கம். சென்னையில் 1998க்குப் பிறகு நீண்டகாலம் வரி உயரவில்லை. 2018ல் உயர்த்தினார்கள், 2019 நவம்பரில் அதை நிறுத்திவைத்து, கூடுதலாகக் கட்டிய தொகையை வரும் அரையாண்டுகளில் கழித்துக்கொள்வதாக அறிவித்தார்கள். அந்த ஆண்டுகளின் ரசீதை இன்னும் வைத்திருப்பவர்கள், அந்தக் கழிவு தங்கள் கணக்கில் ஏறியதா என்று ஒருமுறை பார்ப்பது வீண்போகாது.

2022 ஏப்ரலில் வந்தது பெரிய உயர்வு. உள்ளூர் அமைப்புகளுக்கான மானியம் வேண்டுமானால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவித்து, மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வசூலையும் உயர்த்த வேண்டும் என்று 15வது நிதி ஆணையம் போட்ட நிபந்தனையை அரசு காரணமாகச் சொன்னது. பழைய நகர எல்லைக்குள் குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 50%, 601 முதல் 1,200 வரை 75%, 1,201 முதல் 1,800 வரை 100%, அதற்கு மேல் 150%. 2011ல் இணைக்கப்பட்ட பகுதிகளில் இதே வரிசையில் 25, 50, 75, 100. பழைய நகரில் வணிகக் கட்டடத்துக்கு 150%, தொழிற்சாலைக்கும் சுயநிதிக் கல்வி நிறுவனங்களுக்கும் 100%.

மன்றத்தில் அதிமுக எதிர்த்தது. ஆளும் கூட்டணியில் இருந்த மார்க்சிஸ்ட் கட்சியும் மறுபரிசீலனை கேட்டது. பேச்சு பெரும்பாலும் உயர்த்தலாமா கூடாதா என்பதிலேயே நின்றது. அதைவிட ஆழமான இரண்டு சிக்கல்கள் இந்த அமைப்பிலேயே இருக்கின்றன.

ஒன்று, படிக்கட்டுத் தாவல். வருமான வரியில் வரம்புக்கு மேலே போகும் தொகைக்கு மட்டும்தான் கூடுதல் விகிதம். இங்கே மொத்த வரிக்கும் அந்தச் சதவீதம் பாய்கிறது. பழைய வரி 3,000 ரூபாய் என்று வையுங்கள். பழைய நகரில் 1,200 சதுர அடி என்று பதிவான வீட்டுக்குப் புது வரி 5,250. 1,201 என்று பதிவாகியிருந்தால் 6,000. ஒரே ஒரு சதுர அடி கூடியதற்கு அரையாண்டுக்கு 750 ரூபாய் வித்தியாசம். அடுக்குமாடி வாங்கியவர்கள் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். கட்டுநர் தரும் தாள்களில் படிக்கட்டு, நடைவழி போன்ற பொது இடங்களின் பங்கையும் சேர்த்துப் பரப்பளவு சொல்வது வழக்கம். மதிப்பீட்டில் எந்த எண் ஏறியிருக்கிறது, அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். 600, 1,200, 1,800 ஆகிய எல்லைகளுக்கு அருகில் உங்கள் வீடு இருந்தால் மறுஅளவீடு கேட்டு மனுக் கொடுப்பதில் அர்த்தம் உண்டு. 950 சதுர அடி வீட்டுக்குப் பத்து அடி கூடக் குறைய இருந்தால் சதவீதப் படி மாறாது.

இரண்டாவது இன்னும் முக்கியம். உயர்வு பழைய வரியின் மீது சதவீதமாக ஏறியது. பழைய மதிப்பீட்டில் தெருவின் அடிப்படை விகிதம் (அந்தத் தெருவில் சதுர அடிக்கு இவ்வளவு என்று வைத்த மதிப்பு), பரப்பளவு, கட்டடத்தின் வயது, சொந்தக் குடியிருப்பா வாடகையா என்பதெல்லாம் அடங்கியிருந்தன. அதில் ஏதாவது தவறாக இருந்தால் உயர்வு அதைத் திருத்தவில்லை, பெருக்கியது. ஒரே தெருவில், ஒரே அளவில் இரண்டு வீடுகள். ஒன்றுக்கு 2,000, மற்றதுக்கு 3,000 என்றிருந்தால், 75 சதவீதத்துக்குப் பிறகு 3,500, 5,250. இடைவெளி 1,000 ரூபாயிலிருந்து 1,750 ஆகிவிட்டது. குறைவாக மதிப்பிடப்பட்டவருக்கு ஆதாயமும் பெருகியது. நகரம் முழுக்கப் புதிதாக அளந்து மதிப்பிட்டிருந்தால் இந்த அநீதி குறைந்திருக்கும். அதற்கு ஆளும் காலமும் தேவை என்பது உண்மைதான், ஆனாலும் செய்திருக்க வேண்டிய வேலை அது. 2024ல் வந்த 6% உயர்வும் இதே அடித்தளத்தின் மேல்தான் ஏறுகிறது: 3,500 என்பது 3,710, 5,250 என்பது 5,565.

எனவே தொகை அதிகம் என்று மட்டும் எழுதும் மனுவுக்குப் பலன் குறைவு. பரப்பளவு, பயன்பாட்டு வகை, சொந்தக் குடியிருப்பு ஆகிய மூன்றில் எது தவறாகப் பதிவாகியிருக்கிறது என்று குறிப்பிட்டு, பத்திர நகல், அனுமதி வரைபடம், மின் கட்டண ரசீது, கடைசி வரி ரசீது இணைத்து மண்டல அலுவலக வருவாய்ப் பிரிவில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். மின் இணைப்பு வணிகக் கட்டண வகையில் இருந்தால், வீடு என்று வாதிடுவது கடினம். முதலில் அதை மாற்றிக்கொண்டு வாருங்கள்.

வரவு செலவுத் திட்ட ஆவணத்தையும் இந்தச் சேவையின் பகுதியாகவே பார்க்க வேண்டும். தமிழில் அச்சாகிறது, இணையத்தில் கிடைக்கிறது, இது பாராட்டத்தக்கது. 2025-26 திட்டத்தில் வருவாய் வரவு 5,145.52 கோடி, செலவு 5,214.09 கோடி, பற்றாக்குறை 68.57 கோடி. படிக்கும்போது அறிவிப்புகளை விட்டுவிட்டு, சொத்து வரி என்ற தலைப்பில் முந்தைய ஆண்டின் மதிப்பீட்டையும் திருத்திய மதிப்பீட்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். திருத்தியது கீழே இறங்கியிருந்தால் வசூல் எதிர்பார்த்த அளவு வரவில்லை என்று பொருள். அன்றாட வரவு செலவைக் காட்டும் வருவாய்க் கணக்கு வேறு, பெரிய கட்டுமானங்களுக்கான மூலதனக் கணக்கு வேறு என்பதையும் மனத்தில் வையுங்கள். மூலதன வேலைகளுக்குக் கடன் வாங்குவது உண்டு: கோவளம் வடிநிலத்து மழைநீர் வடிகாலுக்கு ஜெர்மன் வங்கிக் கடன், கொசஸ்தலையாற்று வடிநிலத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன். நாம் கட்டும் வரி முதலில் போவது சம்பளம், ஓய்வூதியம், குப்பை, தெருவிளக்கு, பராமரிப்பு, வட்டிக்கு.

இதில் இல்லாதது வார்டு வாரியான கணக்கு. 200 வார்டுகளில் எங்கிருந்து எவ்வளவு வரி வந்தது, அங்கே எவ்வளவு செலவானது என்று ஒரு பக்க அட்டவணை போட்டால் மன்ற விவாதத்தின் தரமே மாறும். 2011ல் சேர்ந்த பகுதி மக்கள், வடிகாலும் சாலையும் முழுதாக வராமலே வரி மட்டும் ஏறுகிறது என்று சொல்லும்போது, உறுப்பினர் கையில் எண் இருக்கும். அதுவரை, ஒவ்வொரு வார்டையும் பத்துப் பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதி மக்களுக்காக நடத்தும் பகுதி சபைக் கூட்டத்தில் இந்தக் கேள்வியை எழுத்தில் கொடுத்து, கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லலாம். வாய்மொழியாகக் கேட்டால் பதிவே இருக்காது.

பில்லிலும் ஒரு மாற்றம் வேண்டும்: பரப்பளவு, தெரு விகிதம், பயன்பாடு, வயதுக் கழிவு, உயர்வுச் சதவீதம் என ஐந்து விவரங்களை அச்சிட்டால் போதும். மளிகைக் கடைச் சீட்டில் கூட எடை, விலை, தொகை என்று தனித்தனியாக இருக்கிறது.

சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்கு: மற்ற மாநகராட்சிகள், நகராட்சிகளுக்கு நகர்ப்புற அமைப்புகளுக்கான தனி இணையதளம், கிராம ஊராட்சிகளுக்கு ஊரக வளர்ச்சித் துறையின் தளம். சென்னைத் தளத்தில் உங்கள் எண்ணைத் தேடினால் கிடைக்காது.